நடுவில் ஒரு கோடு

ஏழாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில் 'வேறுபடுத்துக' என்றொரு பகுதி தவறாமல் வரும். நிறை – எடை. வெப்பம் – வெப்பநிலை. வேகம் – திசைவேகம். ஒளிச்சேர்க்கை – சுவாசம். இயற்பியல் மாற்றம் – வேதியியல் மாற்றம். விடை எழுதும் முறையும் மாறாதது. ஸ்கேலை வைத்து நடுவில் ஒரு கோடு, மேலே இரண்டு தலைப்பு, இடப்பக்கம் மூன்று வரி, வலப்பக்கம் மூன்று வரி. தேர்வுக்கு முந்தின இரவு பிள்ளைகள் படிப்பதைக் கேட்டால், இடப்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வலப்பக்கத்துக்குப் போவார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். 'ஜூல்' என்ற சொல் நினைவில் இருக்கும். அது வெப்பத்தின் அலகா, வெப்பநிலையின் அலகா என்பது நழுவிப் போயிருக்கும்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. அலகுகளையும் சில எண்களையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் இந்த வகைக் கேள்விக்கு உயிர் அந்த நடுக்கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு எப்போதும் இருந்ததில்லை. வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றேதான் என்று கெட்டிக்கார மனிதர்கள் பல தலைமுறைகள் நம்பியிருந்தார்கள். யாரோ ஒருவர் ஓர் அளவை எடுத்தார், ஒன்று என்று நினைத்திருந்தவை அந்த அளவில் ஒத்துப்போக மறுத்தன, கோடு விழுந்தது. அதனால் திருப்புதலுக்கு உட்காரும்போது ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும் என்பது என் கட்சி: இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட நான் என்ன செய்து பார்க்க வேண்டும்? அந்தச் சோதனை பிடிபட்டுவிட்டால் அட்டவணையின் ஆறு வரிகளையும் நாமே எழுதிவிடலாம்.

நிறையும் எடையும் பிரிந்த கதையில் ஒரு கடிகாரம் வருகிறது. 1672இல் ழான் ரிஷேர் என்ற வானியலாளர் தென் அமெரிக்காவின் வடகரையில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கயேனில் இருந்தார். பாரிஸ் அறிவியல் கழகம் அனுப்பி வைத்திருந்தது. போன வேலை செவ்வாய்க் கோளின் இடத்தைக் கணிப்பது. நேரம் பார்க்க ஊசல் கடிகாரம் வேண்டுமல்லவா? பாரிஸில் நொடி பிசகாமல் ஓடிய ஊசல் கயேனில் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அந்த ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கிய பிறகே நொடி சரியாக விழுந்தது.

வெப்பநாட்டு வெயிலில் ஊசல் கம்பி நீண்டிருக்கும் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். உலோகம் அந்தச் சூட்டில் நீள்வது தேவைப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஊசல் குண்டில் இருந்த பொருள் கப்பல் பயணத்தில் குறைந்துவிடவும் இல்லை. குறைந்தது பூமி அதை இழுக்கும் விசை. 1687இல் வெளிவந்த தம் பிரின்சிபியாவில் நியூட்டன் இந்த ஊசலைச் சான்றாக எடுத்துக்கொண்டார். சுழலும் பூமி நடுவில் புடைத்திருக்கிறது, அதனால் நிலநடுக்கோட்டில் இழுப்பு குறைவு என்பது அவர் வாதம். நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் அதிகம் என்று இன்று தெரியும். ஒரு பொருளில் எவ்வளவு பொருண்மை இருக்கிறது என்பது ஒன்று, அதை பூமி எவ்வளவு விசையுடன் இழுக்கிறது என்பது வேறொன்று. முன்னது நிறை, அலகு கிலோகிராம். பின்னது எடை, அது விசை என்பதால் அலகு நியூட்டன்.

பாடநூல் உடனே நம்மை நிலாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும்: பூமியில் உள்ள எடையில் ஆறில் ஒரு பங்கு. உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை, நகைக்கடை போதும். மின்னணுத் தராசு நிறையை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. தட்டின் மேல் விழும் விசையை உணர்ந்து, அதைக் கிராமாக மாற்றி எழுதுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் ஹெல்சிங்கியில் 9.819 மீ/வி², சென்னையில் 9.783 மீ/வி². ஹெல்சிங்கியில் சரிபார்த்த ஒரு தராசை அப்படியே கொண்டுவந்து சென்னையில் வைத்தால், 100 கிராம் தங்கத்தை 99.6 கிராம் என்று காட்டும். தங்கத்தில் ஒரு துகளும் குறையவில்லை. இதனால்தான் நுட்பமான தராசுகளை அவை நிற்கும் இடத்திலேயே படிக்கற்களை வைத்துச் சரிபார்க்கிறார்கள். பழைய இருதட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் படிக்கல், இரண்டையும் இழுப்பது அதே பூமி. ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். ஆக, பிரித்துக் காட்டும் சோதனை கையில் இருக்கிறது. ஒரே பொருளை இருதட்டுத் தராசிலும் சுருள்வில் தராசிலும் வைத்து ஊர் ஊராகக் கொண்டு போக வேண்டும். முதலாவது மாறாமல் சொல்வது நிறை, இரண்டாவது மாற்றிச் சொல்வது எடை.

எடையே உணர முடியாத இடத்தில் நிறையை எப்படி அளப்பது? இந்தக் கேள்வி 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் உண்மையாகவே எழுந்தது. விண்வெளி வீரர்கள் மெலிகிறார்களா என்று மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டும்; எடைபார்க்கும் கருவி அங்கே பூஜ்யம்தான் காட்டும். வீரரைச் சுருள்வில் பொருத்திய இருக்கையில் உட்காரவைத்து முன்னும் பின்னும் அலைய விட்டார்கள். நிறை கூடினால் அலைவு மெதுவாகும். அந்த நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள். தள்ளினால் அசைய மறுக்கும் குணம் நிறைக்கு எங்கே போனாலும் உண்டு. மேல் வகுப்பில் 'நிலைமம்' என்ற பாடம் வரும்போது இந்த நாற்காலியை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஜோடி வெப்பமும் வெப்பநிலையும். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வதும் இதைத்தான். குழம்புவது இயற்கை. தொட்டுப் பார்க்கும் விரலுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. வெப்பமானி வந்து வெகுகாலம் ஆன பிறகும் விரலின் கருத்தே நிலைத்தது. ஃபாரன்ஹீட் நம்பகமான பாதரச வெப்பமானியை 1714இல் செய்துவிட்டார். செல்சியஸ் தம் அளவுகோலை 1742இல் முன்வைத்தார். (அவருடைய முதல் அளவுகோலில் நீர் கொதிப்பது 0, உறைவது 100! பிறகுதான் தலைகீழாகத் திருப்பினார்கள்.) ஒரு பொருளில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதை வெப்பமானி நேராகச் சொல்லிவிடுகிறது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்த ஜோசப் பிளாக் என்பவருக்கு இதில் ஒரு உறுத்தல் இருந்தது. உறுத்தியது பனி. உருகுநிலையை எட்டிய பனிக்கட்டிக்கு இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் முழுதும் நீராகிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. அப்படியானால் குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும் முதல் நாளிலேயே மலைப்பனி மொத்தமும் ஒரே வீச்சில் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நடப்பதோ வேறு. பனி வாரக்கணக்கில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தினமும் எல்லோர் கண்ணிலும் பட்ட காட்சி. அதை நம்பிக்கைக்கு எதிரான சாட்சியாகப் பார்த்தவர் இவர்.

1761ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிளாக் செய்த சோதனை எளிமையின் உச்சம். ஒரே மாதிரியான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் சம அளவு நீர். ஒன்றை உறைய வைத்துப் பனிக்கட்டி ஆக்கினார். மற்றொன்றை உறையும் தறுவாய் வரை, அதாவது 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரை மட்டும் குளிரவைத்தார். இரண்டையும் 47 டிகிரி இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். கூடத்தின் காற்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வெப்பம் ஊட்டும். குளிர்ந்த நீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி ஏறி 40க்கு வந்தது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே 40க்கு வர பத்தரை மணி நேரம் ஆயிற்று.

பத்தரை மணி நேரத்தில் அரை மணிகள் 21. ஒவ்வொன்றிலும் 7 டிகிரிக்கு உரிய வெப்பம் உள்ளே போயிருக்கிறது; மொத்தம் 147 டிகிரிக்கு உரியது. வெப்பமானியில் தெரிந்த ஏற்றம் வெறும் 8. மீதி 139 டிகிரி எங்கே? எந்த வெப்பமானியிலும் முகம் காட்டாமல் பனியை நீராக்கும் வேலையில் அது செலவாகிவிட்டது. பிளாக் அதை உள்ளுறை வெப்பம் என்றார். 139 ஃபாரன்ஹீட் டிகிரி என்பது 77 செல்சியஸ் டிகிரிக்குச் சமம். இன்றைய துல்லியக் கருவிகள் தரும் எண் 80. ஒரு கிலோ பனியை உருக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப் போதும். இரண்டு குடுவையும் ஒரு கூடமும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கி வந்தார் என்பதை இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கண்டுபிடிப்பை அவர் தம் வாழ்நாளில் அச்சிடவே இல்லை என்பது இன்னொரு வியப்பு. வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகு, 1803இல்தான் விரிவுரைகள் நூலாயின.

பத்து மணி நேரம் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை அசையாமல் நிற்கிறது. கோட்டைப் போட இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி வேண்டியதில்லை. வெப்பம் என்பது இடம் மாறிச் செல்லும் ஆற்றல், அலகு ஜூல். வெப்பநிலை என்பது அந்தப் பொருளின் துகள்கள் சராசரியாக எவ்வளவு துடிப்புடன் அசைகின்றன என்பதன் அளவு. அலகு கெல்வின், அன்றாடத்தில் செல்சியஸ். இதைச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு தம்ளர். ஒன்றில் குளிர்ந்த நீர், மற்றதில் அதே எடைக்குப் பனிக்கட்டி. மேசை மேல் வைத்துவிட்டு அவ்வப்போது வெப்பமானியால் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ஒன்று எச்சரிக்கை: காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 முதல் 42 டிகிரி வரைதான் அளக்கும்.

நீர் ஆவியாகும்போது கணக்கு இன்னும் பெரிது. 100 டிகிரி நீரை 100 டிகிரி ஆவியாக்க கிராமுக்கு ஏறத்தாழ 2260 ஜூல் வேண்டும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிட ஏன் மோசமாகப் புண்ணாகிறது என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. ஒரு கிராம் கொதிநீர் தோலின் வெப்பநிலைக்கு இறங்கும்போது விடுவது சுமார் 260 ஜூல். ஒரு கிராம் ஆவி முதலில் நீராகும்போதே 2260ஐக் கொட்டிவிட்டு, பிறகு அந்த 260ஐயும் கொடுக்கிறது. வெப்பநிலை ஒன்றுதான், வெப்பம் ஏறத்தாழ பத்து மடங்கு. எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு தீபாவளிக் கம்பி மத்தாப்பு. அதன் பொறிகள் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். புறங்கையில் ஒன்று விழுந்தால் சுருக்கென்று தைத்துவிட்டுப் போய்விடும். பொறியின் நிறை அவ்வளவு சொற்பம், அது சுமந்து வரும் வெப்பமும் சொற்பம். வெப்பநிலை பெரிது, வெப்பம் சிறிது. இந்த இரண்டு உதாரணங்களையும் எழுதுகிற பிள்ளைக்கு நான் ஆசிரியராக இருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிட்டு மேலும் கொடுக்க இடமிருக்கிறதா என்று பார்ப்பேன்.

வேகம், திசைவேகம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 400 மீட்டர் வட்டப்பாதையில் ஒரு மாணவி 80 நொடியில் ஒரு சுற்று ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறாள். கடந்த தொலைவு 400 மீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டர். இடப்பெயர்ச்சி பூஜ்யம், ஆகவே சராசரித் திசைவேகமும் பூஜ்யம். மூச்சு வாங்க நிற்கும் அவளிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. அமிலம், காரம் ஜோடியும் அப்படித்தான். மஞ்சள் கறை பட்ட வெள்ளை வேட்டியில் சோப்பு போட்டதும் கறை சிவக்கிறதே, அந்த நிறமாற்றமே சோதனை. சோப்பு காரம். அதே இடத்தில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும்.

ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் அப்படிச் சட்டென்று முடிகிறவை அல்ல. இதில் பல பெரியவர்களுக்கே ஒரு தவறு ஊறிக் கிடக்கிறது: தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அரைகுறை. தாவரம் இருபத்துநான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் ஆரவாரத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தக் கோடு மூன்று பேர் கைமாறி விழுந்தது. பெல்ஜியத்தின் வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை எடைபோட்டு நிரப்பி, 5 பவுண்டு வில்லோக் கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ் அளவே. செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய எண்ணம் அத்தோடு முடிந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றை எடைபோட அவருக்குத் தோன்றவில்லை. அவர் இறந்த பிறகு 1648இல் நூல் வெளிவந்தது. 1771இல் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி மூடிய கண்ணாடிக் கூண்டில் மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாளில் அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. செடி காற்றைத் தூய்மை செய்கிறது! ஆனால் வேறு சிலர் செய்தபோது இது நடந்தது, சிலர் செய்தபோது நடக்கவில்லை. சில வேளை செடி காற்றை மேலும் கெடுத்தது.

ஏன் என்று கண்டுபிடித்தவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் குடும்பத்துக்கு அம்மை வராமல் தடுக்க ஊசி குத்தி பேர் வாங்கியவர். 1779 கோடையில் லண்டன் அருகே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்றே மாதத்தில் 500க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளை நீருக்குள் அமிழ்த்தி, கிளம்பும் குமிழிகளைச் சேகரித்தார். வெயிலில் குமிழிகள் வந்தன, நிழலில் தடைபட்டன, இருட்டில் நின்றன. சூடு காரணமல்ல, ஒளியே காரணம். பச்சைப் பகுதிகள் மட்டும்தான் இதைச் செய்தன. பூ, பழம், வேர் ஆகியவை பகலிலும் இரவிலும் காற்றைக் கெடுத்தன. இலைகளும் இருட்டில் அதையே செய்தன. பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாவின் மேல் புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் குமிழி பிடிக்கும் அந்தச் சோதனை இவர் வழி வந்ததுதான்.

இருட்டில் செடி காற்றைக் கெடுக்கிறது என்ற பாதிச் செய்தி தனியே கிளம்பி ஊர் சுற்ற ஆரம்பித்தது. மேலைநாடுகளில் நோயாளிகளின் அறையிலிருந்து இரவில் பூங்கொத்துகளை எடுத்து வெளியே வைத்தார்கள். நம் பக்கத்தில் அது புளியமரத்தோடு ஒட்டிக்கொண்டது. இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. பேயைக் காரணம் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் கார்பன் டைஆக்சைடைக் காரணம் ஆக்கினார்கள். ஒரு மனிதர் நாளொன்றுக்கு மூச்சில் விடும் கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ ஒரு கிலோ. கூரையும் சுவரும் இல்லாத வெளியில் மரம் விடுவது காற்றோடு கலைந்துவிடும். மூடிய அறையில் நமக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் அண்ணனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பேய்க் கதையாவது கேட்கச் சுவையாக இருந்தது.

பிரித்துக் காட்டும் சோதனைகள் இங்கே இரண்டு. ஹைட்ரில்லாவைக் கறுப்புத் துணியால் மூடினால் குமிழி நிற்கும், ஒளிச்சேர்க்கை நின்றது. முளைகட்டிய பச்சைப்பயற்றை ஒரு வெப்பக் குடுவையில் போட்டு, பஞ்சால் அடைத்து, வெப்பமானியைச் செருகி ஒருநாள் விட்டால் வெப்பநிலை ஏறியிருக்கும். உள்ளே ஒளி இல்லை, பச்சையம் இல்லை. ஆனால் பயறு தன்னிடம் உள்ள உணவை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைத்து ஆற்றலை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அவித்த பயற்றைப் போட்டுப் பார்த்தால் இது நடக்காது. ஒளிச்சேர்க்கை பசுங்கணிகத்தில் நடக்கிறது, கார்பன் டைஆக்சைடையும் நீரையும் வாங்கி குளுக்கோஸ் செய்து ஆக்சிஜனை விடுகிறது, ஆற்றலைச் சேமிக்கிறது. சுவாசம் உயிருள்ள எல்லாச் செல்லிலும் நடக்கிறது, வாங்குவதும் விடுவதும் நேர் எதிர். அதிகாலையிலும் அந்தியிலும் இரண்டும் சமமாகி, இலை எந்த வாயுவையும் வாங்காமலும் விடாமலும் இருப்பதுபோல் தோன்றும் ஒரு சிறுபொழுது உண்டு. மேல் வகுப்பில் அதை ஈடுசெய் புள்ளி என்பார்கள்.

கடைசி ஜோடியில் என் வாதமே கொஞ்சம் தடுமாறுகிறது. இயற்பியல் மாற்றம் மீளக்கூடியது, வேதியியல் மாற்றம் மீளாதது: இப்படித்தான் பல கையேடுகளில் முதல் வரி இருக்கிறது. அரிசியை மாவாக அரைத்தால் மறுபடி அரிசியாக்க முடியுமா? முடியாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம், மாவும் அரிசிதான். கைப்பேசி மின்கலத்தில் நடப்பது வேதியியல் மாற்றம். அதைத் தினமும் ராத்திரி சார்ஜரில் செருகித் திருப்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் பழைய சான்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயிடம் இருக்கிறது. பாதரசத்தை அடைத்த காற்றில் 12 நாள் இடைவிடாமல் சூடாக்கினார். மேலே சிவப்புப் பொடி படிந்தது. 50 கன அங்குலமாக இருந்த காற்று 42, 43க்குக் குறைந்தது. அந்தப் பொடியைத் தனியே எடுத்து இன்னும் பலமாகச் சூடாக்கினார். பாதரசம் திரும்பி வந்தது, காணாமல் போயிருந்த வாயுவும் ஏறத்தாழ அதே அளவில் திரும்பி வந்தது. அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். முழுக்க முழுக்க வேதியியல் மாற்றம், முழுக்க மீண்டது. எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்ற கொள்கை அவருடைய தராசின் முன்னால் நிற்க முடியவில்லை. வெளியேறினால், எரிந்த பின் எடை ஏன் கூடுகிறது? அவரையே 1794இல் பிரெஞ்சுப் புரட்சி கில்லட்டினுக்கு அனுப்பியது, வரி வசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்ததற்காக.

இரும்பு துருப்பிடிப்பதும் அதே கணக்குத்தான். 'துரு தின்றுவிட்டது' என்கிறோம், உண்மையில் துரு இரும்பைவிடக் கனம். ஒரு கிலோ இரும்பு முழுவதும் துருவானால் 1.4 கிலோவுக்கு மேல் இருக்கும். அதிகமானது காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் வந்தது. இதில் ஈரமும் உப்பும் என்ன பங்கு வகிக்கின்றன என்று கேட்டால் பாம்பனைக் காட்டலாம். 1914இல் திறந்த ரயில் பாலத்தைக் கடல் உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றப் பல தலைமுறை ஊழியர்கள் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தது.

ஆகவே கேட்க வேண்டியது 'திரும்புமா' என்று அல்ல, 'புதுப் பொருள் உண்டானதா' என்று. இதை வைத்து மெழுகுவர்த்தியைப் பார்ப்போம். மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் நிறுவனத்தில் சிறுவர் சிறுமியருக்கு இந்த ஒற்றைப் பொருளைப் பற்றி ஆறு சொற்பொழிவு ஆற்றினார். நன்றாக எரியும் மெழுகுவர்த்தியை மெல்ல அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் தொடாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். சுடர் புகை வழியே கீழே தாவித் திரியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புகை, ஆவியான மெழுகு. மெழுகு உருகுவதும் ஆவியாவதும் இயற்பியல் மாற்றம். ஆவி எரிவது வேதியியல் மாற்றம். சுடருக்கு மேல் ஒரு குளிர்ந்த கரண்டியைப் பிடித்தால் அதில் படியும் ஈரம், மெழுகில் தண்ணீராக இருந்ததே இல்லை. அங்கே புதிதாகப் பிறந்தது. விடைத்தாளில் 'இரண்டும்' என்று எழுதி, எது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

உப்பு நீரில் கரைவதை எந்தப் பக்கம் போடுவது? தேர்வுக்கு விடை இயற்பியல் மாற்றம். 'காய்ச்சினால் உப்பு திரும்ப வரும்' என்ற காரணத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், பாதரசம் திரும்பி வந்ததைப் பார்த்தோமே. உப்புப் படிகத்தில் சோடியம், குளோரைடு அயனிகளாகவே இருந்தவை நீரிலும் அதே அயனிகளாக மிதக்கின்றன. புதுப் பொருள் இல்லை. வேதியியல் அறிஞர்களில் சிலர் இதற்கும் முகம் சுளிப்பார்கள், அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடிப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று. அந்தச் சண்டை ஏழாம் வகுப்புக்கு வேண்டாம். ஆனால் நீரில் போடுவதெல்லாம் கரைவதல்ல என்பதற்குச் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள் அதில் தண்ணீர் ஊற்றியதும் ஒதுங்கி நிற்பார்கள். அடுப்பில்லாமலே அது கொதித்துத் தெறிக்கும். கால்சியம் ஆக்சைடு நீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. உப்பு நீரை வெயிலில் வைத்தால் உப்பே மிஞ்சும். நீற்றிய சுண்ணாம்பை எத்தனை நாள் வெயிலில் காயவைத்தாலும் பழைய கல் வராது, அதற்கு மறுபடி சூளைக்குத்தான் போக வேண்டும்.